மூடியில் எழுதியவள்

திரையில் தெரிந்த படத்தில் கீறல் கோணலாக இருந்தது. நேராக இறங்கி வந்து, முக்கால்வாசியில் இடப்பக்கம் ஒரு சின்ன வெட்டு வெட்டி, மறுபடி நேராகப் போகும் கோணல். அந்தக் கோணல் என் கை. தட்டில் பரவியிருந்த செல் படலத்தின் மேல் பிப்பெட் முனையால் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தும்மல் வந்தது. அடக்கினேன். கை ஆடிவிட்டது. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள்தான் இன்றைக்குத் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சிவப்புப் புள்ளியைப் படத்தின் மேல் நகர்த்தியபடி, "நான் போட்ட கீறலோட ஓரத்துல முன்வரிசை செல்களைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமைக் கூட்டம் அது. ஆய்வகத்தில் இருக்கும் பதினொரு பேரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆய்வகத்தை நடத்தும் மேடம் தலையை லேசாக ஆட்டிக்கொண்டு குறிப்பு எடுத்தார். அவர் எடுத்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம். நான்கு வருடத்தில் என் பேச்சுக்கு அவர் பேனா மூடியைத் திறந்து நான் பார்த்ததில்லை. முதலில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஏதோ குழப்பம், அடுத்த படத்தில் என் பெயரைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அடுத்த படம் வந்தது. அதற்கடுத்தது வந்தது. ஏழாவது படத்தில் "நன்றி" என்று இருந்தது. அதில் என் பெயர் இருந்தது. தட்டு கழுவித் தரும் அண்ணன் பெயருக்குக் கீழே.

அவளுக்கு நான் வைத்த பெயர் குருவி. நிமிடத்துக்கு நாலு தடவை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒரு வேலையைக் கொத்தி முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவுவாள். எனக்கு அவள் வைத்த பெயர் காரம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். நேர்முகத்துக்கு வந்தவர்களில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தோம். மற்றவர்கள் வெறுங்கையோடு வந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேசினார்கள். "உங்க வீட்லயும் நீதான் முதல் ஆளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த ஒரு கேள்வியில் ஒட்டிக்கொண்டோம். ஒரே விடுதி அறை, ஒரே சோப்பு, காய்ச்சல் வந்தால் ஒரே மாத்திரை அட்டை. முதல் வருடம் கூட்டத்தில் ஒரு சொல் புரியாவிட்டால் மேசைக்கு அடியில் ஒருத்தி காலை ஒருத்தி மிதிப்போம். அவளுக்கும் புரியவில்லை என்றால் திரும்ப மிதிப்பாள். அப்படி மிதித்து மிதித்தே எனக்கு ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது.

எங்கள் வேலையைப் பற்றி ஊரில் கேட்டால் "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறா" என்பார் அப்பா. நான் கண்டுபிடிக்கவில்லை. கட்டி இருந்த இடத்திலேயே இருந்தால் பெரும்பாலும் வெட்டி எடுத்துவிடலாம். ஆளைக் கொல்வது பெரும்பாலும் அது கிளம்பிப் போவதுதான். நுரையீரலுக்கு, எலும்புக்கு, மூளைக்கு. எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. செல்லின் மேற்பரப்பில் விதவிதமான புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சில தரையைப் பற்றிக்கொள்ளும், சில பக்கத்துச் செல்லைப் பற்றிக்கொள்ளும். பக்கத்துச் செல்லைப் பற்றுகிற புரதத்துக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. நாங்கள் கைப்பிடி என்போம். கைப்பிடியை விட்டுவிட்ட செல்தான் தனியாகக் கிளம்பி ஊர் மேயும் என்பது பாடப் புத்தகத்தில் உள்ளது. மேடம் அதை எங்கள் செல்களில் நிரூபிக்கச் சொன்னார். நான் நிரூபித்தேன். அதுதான் என் தப்பு.

அடியில் நுண்ணிய துளைகள் உள்ள சின்னக் கிண்ணங்கள் உண்டு. மேலே செல்களை விட்டால், சில நெளிந்து துளை வழியே அடிப்பக்கத்துக்குப் போய்விடும். சில மேலேயே கிடக்கும். போனவை பயணிகள், கிடந்தவை வீட்டுக்காரர்கள். இதுவும் குருவி வைத்த பெயர்தான். இரண்டையும் தனித்தனியாக உரித்தெடுத்து, யாரிடம் கைப்பிடி எவ்வளவு என்று அளக்க வேண்டும். உரிப்பதற்கு ட்ரிப்சின் என்று ஒரு நொதி. அது ஒட்டியிருப்பதை அறுத்துவிடும். வீட்டுக்காரர்கள் மூன்று நிமிடத்தில் கழன்று வந்துவிட்டார்கள். பயணிகள் வரவில்லை. அடிப்பக்கத்தில் பசை போட்ட மாதிரி இருந்தார்கள். மேடத்திடம் போய் நின்றேன். "எப்படியாவது எடும்மா. கொஞ்சம் நேரம் கூட்டு" என்றார், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். கூட்டினேன். பதினைந்து நிமிடம். என் கை இரண்டும் ஹூட் என்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்ததால் டைமரில் பதினைந்து வைத்தது குருவி. அளந்து பார்த்தால், பயணிகளிடம் கைப்பிடி இல்லவே இல்லை. மொட்டை. மேடம் முதல் தடவையாக என் தோளில் தட்டினார். ஆய்வுப் பேப்பர் ஒரு பத்திரிகையில் வந்தது. ஆறு பெயரில் நான்காவது பெயர் என்னுடையது. அப்பா அதன் முதல் பக்கத்தை லேமினேட் செய்து, தன் பஞ்சர் கடையில் காற்றடிக்கும் இயந்திரத்துக்கு மேலே மாட்டிவிட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் நொதி பாட்டில் தீர்ந்துபோனது. அடுத்தது வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். செல்கள் நான்கு நாள் காத்திருக்காது. நொதி இல்லாத ஒரு கரைசல் இருக்கிறது. ஒட்டியிருப்பதை அறுக்காது, செல்கள் பற்றிக்கொள்ளத் தேவையான சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிவிடும், அவை தானாகத் தளர்ந்து வரும். மெதுவாகத்தான் வரும். நாற்பது நிமிடம் பனிக்கட்டியில் வைத்து, தட்டித் தட்டி எடுத்தேன். அளந்தேன். பயணிகளிடம் கைப்பிடி அப்படியே இருந்தது. வீட்டுக்காரர்களை விடவும் ஒரு பிடி கூடுதலாகவே. திரும்ப அளந்தேன், அப்படித்தான். கைப்பிடியை விட்டுவிட்டு அந்தச் செல்கள் எங்கேயும் போகவில்லை. பதினைந்து நிமிடம் நொதியில் ஊறப் போட்டு, நான்தான் அவற்றின் தோலை மழித்திருக்கிறேன். மழித்துவிட்டு மொட்டை மொட்டை என்று உலகத்துக்குச் சொல்லியிருக்கிறோம்.

குருவியிடம் மட்டும் சொன்னேன். அவள் ஐந்து நிமிடம் என் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருவிக்கு ஐந்து நிமிடம் என்பது ஒரு யுகம். அப்புறம், "மேடம்கிட்ட இப்ப போகாத காரம். ஒரு தடவை வந்ததை வச்சுப் பேசினா உன்னைத் தூக்கிச் சாப்ட்ருவாங்க. மூணு தடவை செய்யலாம். நான் கூட நிக்கிறேன்" என்றாள். நின்றாள். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்றரை மாதம் கூடவே நின்றாள். மூன்றாவது தடவையின்போதுதான் கீறல் சோதனையும் செய்தேன். செல் படலத்தில் கோடு இழுத்து, காலியான இடத்தை நோக்கி அவை எப்படி நகர்கின்றன என்று பதினெட்டு மணி நேரம் படம் எடுத்தோம். அவை தனித்தனியாக ஓடவில்லை. முன்வரிசை செல் காலை நீட்டுகிறது, பின்வரிசை அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறது, அதன் பின்னால் இன்னொன்று. பச்சை நிறத்தில் கைப்பிடி மின்னுகிறது. ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் புரதத்தைப் போட்டு அந்தக் கைப்பிடியை மறைத்தால் வரிசை குலைந்து, ஆளுக்கொரு பக்கம் தடுமாறி, பாதி வந்து சேரவில்லை. மனுஷர்களைச் செல்லோடு ஒப்பிட்டுத் தத்துவம் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்தபோது அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

ஒரு பழக்கம் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் எப்படி ஏமாந்தேன் என்பது புரியாது. ஹூட் என்பது முன்னால் கண்ணாடி இறக்கிய ஒரு கூண்டு; உள்ளே சுத்தமான காற்று ஓடிக்கொண்டிருக்கும். கையுறை போட்டு, ஸ்பிரிட் தேய்த்து, கையை உள்ளே விட்டால் வேலை முடியும்வரை வெளியே எடுக்கக் கூடாது. மூக்கு அரித்தால் அரிக்கட்டும். உள்ளே இருக்கும் தட்டு மூடியில் மார்க்கரால் தேதியும் பெயரும் எழுதலாம், அவ்வளவுதான். வெளியே இருக்கும் நோட்டைத் தொட முடியாது. அதனால் இரண்டு பேர் சேர்ந்து செய்தால், உள்ளே கை விட்டவள் வாயால் சொல்வாள், வெளியே இருப்பவள் எழுதுவாள். எந்த நோட்டு பக்கத்தில் கிடக்கிறதோ அதில். குருவியின் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். என்னுடையதை நானே மறுநாள் படிக்க முடியாது. மூன்று தடவைக்கும் எல்லா எண்களையும் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அவளுடைய நோட்டில். பழைய சோதனை, பதினைந்து நிமிடம் என்கிற தப்பு, அது மட்டும் வேலை முடிந்த பிறகு நானே எழுதியதால், என் நோட்டில், என் கோழிக் கிறுக்கலில் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் தட்டு கழுவும் அறையில் அவளைப் பிடித்தேன். நீராவிப் பானை சீறிக்கொண்டிருந்தது. அவள் கைகளைக் குழாயில் நீட்டி, ஏற்கெனவே கழுவின கையைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்போ சொன்ன மேடம்கிட்ட?"

"போன வாரம். அவங்களே கேட்டாங்க. நோட்டைக் காட்டச் சொன்னாங்க, காட்டினேன்."

"நோட்டுல இருக்கிறது யார் செஞ்சது?"

"நோட்டுல யார் செஞ்சதுன்னு எழுதலையே காரம். தேதியும் நம்பரும்தான் இருக்கு." குழாயை மூடினாள். "உதவித்தொகை இன்னும் ஆறு மாசம்தான்டி. என் வேலை ஒண்ணும் வரல, உனக்கே தெரியும். இது இல்லைன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போய் நிக்கணும். கட்டிக் குடுத்துருவாங்க."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? பாதி உன் பேர்ல போடுன்னு நான் சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருக்க மாட்ட." முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "கத்தியிருப்ப. உனக்கு வாய் இருக்கு, நீ எப்படியும் பிழைச்சுப்ப. எனக்கு அது இல்ல."

நான் கத்தவில்லை. அதுதான் இன்றுவரைக்கும் எரிகிறது. என்னை விட்டுத் தூரப் போவதற்கு என் வாயையே காரணமாகக் காட்டினாளே, அந்த நேரம் பார்த்து அந்த வாய் ஒட்டிக்கொண்டது. எதிரி செய்திருந்தால் நாலு கெட்ட வார்த்தையில் முடிந்திருக்கும். இவளுக்கு என் அம்மாவின் கைபேசி எண் தெரியும். நான் எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவேன் என்றும் தெரியும். அந்த வாரம் முழுக்க அறையில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள், நான் கதவைப் பார்த்துப் படுத்தேன். சோப்பு மட்டும் பொதுவாக இருந்தது. அதையும் வியாழக்கிழமை நான் கத்தியால் இரண்டாக வெட்டினேன்.

வெள்ளிக்கிழமை மேடம் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அதிலேயே எனக்குப் பயம் வந்தது. மேசையில் ஒரு தாள். பழைய பேப்பரைத் திருத்துவதற்காகப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய கடிதம், என் பெயரில், அழகாகத் தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு. படித்தேன். "செல்களைப் பிரித்தெடுக்கையில், மேற்பார்வையாளருக்குத் தெரிவிக்காமல், நொதியில் வைக்கும் நேரத்தை நான் நீட்டித்ததால் ஏற்பட்ட பிழை."

"மேடம், தெரிவிக்காமன்னு இருக்கு."

"ஆமா."

"நீங்கதான நேரத்தைக் கூட்டச் சொன்னீங்க."

"கூட்டுன்னு சொல்லியிருப்பேன்மா. பதினஞ்சுன்னு சொன்னேனா?" குரலில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. "உன் நோட்டுல உன் கையெழுத்துல பதினஞ்சுன்னு இருக்கு. நான் என்ன பண்ண?"

"புதுசா வந்த ரிசல்ட் என்னோடது மேடம். மூணு தடவையும் நான்தான் செஞ்சேன். அவ எழுதினா."

"ஆதாரம் இருந்தா கொண்டாம்மா. நான் வேண்டாம்னா சொல்றேன்? நாலாவது வருஷம் நீ. இதைப் பெருசாக்கினா யாருக்கு நஷ்டம்னு யோசி. தப்பு பண்ணாத ஆளு யாரு, சொல்லு. ஒத்துக்கிட்டா மரியாதை. புதுப் பேப்பர்ல உன் பேரை மூணாவதாப் போடச் சொல்லியிருக்கேன். திங்கட்கிழமை கொண்டு வந்து குடு."

மூன்றாவது. போன தடவை நான்காவது. முன்னேற்றம்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா பேசினாள். குருவி எங்கே, அவள் குரலே கேட்கவில்லையே என்றாள். மாநாட்டுக்குப் போயிருக்கிறாள், மேடத்தோடு விமானத்தில், என்றேன். "நீ ஏன் போகல?" என்றாள். வேலை இருக்கிறது என்றேன். அப்புறம் அம்மா, "உங்கப்பா நேத்து ஒரு வண்டிக்காரன்கிட்ட அந்த அட்டையைக் காட்டிட்டு இருந்தாரு. டியூப் மாத்த வந்தவன். அவனுக்குப் படிக்கத் தெரியாது, இவருக்கும் அதுல ஒரு எழுத்து தெரியாது. உன் பேர் எங்க இருக்குன்னு மட்டும் விரல் வச்ச இடத்துல கிரீஸ் படிஞ்சு போயிருக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தத் தாளில் இருப்பது தப்பு அம்மா, உங்கள் மகள் தப்பாகச் சொல்லிவிட்டாள், சரியானதைக் கண்டுபிடித்ததும் உங்கள் மகள்தான், ஆனால் அது வேறு ஒருத்தியின் கையெழுத்தில் இருக்கிறது. இதை எந்த வாக்கியத்தில் தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒழுங்காகச் சாப்பிடு என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குருவியிடமிருந்து செய்தி வந்தது. ஆறு நாளில் முதல் செய்தி. "என் தட்டுக்கு இன்னைக்குத் தீனி போடணும். யாரும் இல்ல. போடுவியா?" எங்கள் ஆய்வகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: சண்டை எவ்வளவு இருந்தாலும் ஒருத்தர் செல்லை இன்னொருத்தர் சாக விடுவதில்லை. முறைக்காரர் யாரோ அவர் எல்லாருடைய தட்டுக்கும் போடுவார். இந்த ஞாயிறு முறை என்னுடையது. அவள் அதைத் தெரிந்துதான் கேட்டிருந்தாள். நான் பதில் போடவில்லை. போனேன்.

கட்டடத்தில் யாரும் இல்லை. குளிர்பதனப் பெட்டிகளின் உறுமல் மட்டும். செல்களுக்குத் தீனியான மீடியம் பாட்டிலை வெந்நீர்த் தொட்டியில் வைத்துவிட்டு, அவற்றை உடல் சூட்டில் வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்தேன். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய மீடியம், செல்கள் பசியில் கிடந்தால் மஞ்சளாகிவிடும். அவள் அடுக்கில் இருந்த ஆறு தட்டும் மஞ்சள். ஆனால் அவை அவளுடையவை இல்லை. மூன்றாவது தடவை நான் உரித்தெடுத்த பயணிகளைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்து வளர்த்துக்கொண்டிருந்தேன். என் அடுக்கில் இடம் இல்லாததால் பன்னிரண்டு நாள் முன்பு அவள் அடுக்கில் வைத்தேன். அன்றைக்கு ஹூட்டுக்குள்ளேயே ஆறு மூடியிலும் என் கையால் எழுதினேன், தேதி, நொதி இல்லை, காரம். அவளைச் சிரிக்க வைப்பதற்காகத்தான் பெயர் இருந்த இடத்தில் காரம் என்று போட்டேன். ஆதாரம் கொண்டுவா என்று மேடம் சொன்னபோதே எனக்கு இந்த மூடிகள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்திருந்தால் வெள்ளிக்கிழமையே எடுத்திருப்பேன்.

வெளியே எடுத்துப் பார்த்தேன். ஆறு மூடியிலும் அச்சடித்த மாதிரி எழுத்து. தேதி. நொதி இல்லை. கீழே அவள் பெயர்.

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு தடவை இழுத்தால் மார்க்கர் மை போய்விடும். ஆறு மூடிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அவங்க கேட்டாங்க, காட்டினேன் என்றாளே. கேட்டதால் காட்டியிருந்தால் நோட்டோடு நின்றிருக்கும். இவள் ஒரு நாள் ஆளில்லாத நேரம் பார்த்து, இந்தக் கதவைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, காயவிட்டு, பொறுமையாக எழுதியிருக்கிறாள். எந்த வேலையையும் முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுகிறவள், இந்த ஒரு வேலையை முழுசாக முடித்திருக்கிறாள். அன்றைக்கு இரவு என் பக்கத்துக் கட்டிலில் படுத்து, விளக்கை அணைக்கட்டுமா என்றும் கேட்டிருப்பாள்.

தட்டுகளை அப்படியே கழிவு வாளியில் கொட்ட எனக்கு ஒரு நொடி போதும். மீடியத்தை மாற்றாமல் வைத்துவிட்டுப் போனால் அதுகூட வேண்டாம். நாளை மத்தியானத்துக்குள் தானாகச் செத்துவிடும். நுண்ணோக்கியில் ஒரு தட்டை வைத்துப் பார்த்தேன். மஞ்சள் வெளிச்சத்தில் இருபது முப்பது செல்கள், ஒன்றின் இடுப்பை ஒன்று பிடித்துக்கொண்டு, வெற்று இடத்தின் பக்கமாக நீண்டிருந்தன. எவள் பெயர் மேலே இருக்கிறது என்று அவற்றுக்கு என்ன கவலை. கையுறை போட்டேன். பழையதை உறிஞ்சிவிட்டு, ஆறு தட்டுக்கும் வெதுவெதுப்பான புது மீடியம் விட்டேன். என் கை அன்றைக்குக் கொஞ்சமும் ஆடவில்லை.

மூடிகள் இன்குபேட்டர் சூடு தணிந்து குளிர்ந்திருந்தன. கடைசி மூடியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். அவளுடைய எழுத்துக்குப் பின்னால் ஏதோ மங்கலாக இருக்கிற மாதிரி இருந்தது. பிரமையாகவும் இருக்கலாம். முகக் கவசத்தைக் கீழே இறக்கினேன். ஹூட்டுக்கு முன்னால் வாயைத் திறந்து மூச்சு விடக் கூடாது என்பதுதான் இங்கே வந்த முதல் நாள் எனக்குச் சொன்ன முதல் விதி. மூடியை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கண்ணாடி துடைக்கிறவர்கள் ஊதுவார்களே, அப்படி ஊதினேன். மூடி வெளுத்தது. அந்த வெளுப்பில், அச்சு எழுத்துகளுக்கு நடுவே, மூச்சு படியாத இடங்களாக, கோழி கிளறின மாதிரி ஒரு 'கா' எழுந்தது. அதற்குப் பக்கத்தில் 'ர'வின் கால். அடுத்த எழுத்து வருவதற்குள் மங்கிவிட்டது. படம் எடுக்க, ஒரு கையால் பையில் இருந்த கைபேசியைத் துழாவி எடுத்தேன். மடித்து வைத்திருந்த மேடத்தின் கடிதம் கூடவே வந்து தரையில் விழுந்தது. அதை எடுக்கக் குனியவில்லை. மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, மறுபடி ஊதினேன்.